ஓணான் பொடி

"எலும்புக்கான பொடி, விலை எட்டு லட்சம் லிரா, உஸ்தாத். ஒரு லிரா குறையாது!"

கால்சியம் பொடி டப்பாவைக் கல்லா மேல் டொக்கென்று வைத்தார் அபூ ரமீஸ். மூடியில் இருந்த படத்தில் தாடி ஓணான் ஒன்று கழுத்தை உப்பிக்கொண்டு முறைத்தது. உண்மையில் விலை ஆறு லட்சம்தான். இன்றைய பெய்ரூட்டில் ஓணான் வளர்க்க வசதியுள்ளவனிடம் இரண்டு லட்சம் கூடக் கேட்டால் பாவம் ஒட்டாது என்பது அவர் கட்சி. தெருமுனை மருந்துக்கடையில் அலமாரிகள் காலியாகி மாதக்கணக்காயிற்று. இவருடைய செல்லப்பிராணிக் கடையில் மட்டும் துபாய்ச் சரக்கு நிரம்பி வழிந்தது.

பள்ளிக்கூட வாத்தியார் ஃபாரிஸ், டப்பாவின் பின்பக்கத்தை ஓர் எழுத்து விடாமல் படித்தார்.

"ஆறுக்குத் தாங்களேன், அபூ ரமீஸ்."

"இதென்ன மீன்கடையா? சரி, உங்களுக்காக ஏழரை. என்ன கோளாறு?"

"கால் வளையுது. நாலடி வெச்சா உக்காந்துக்குது."

"பின்னங்காலா?"

ஃபாரிஸ் ஒரு கணம் தயங்கினார். "ரெண்டு காலும்."

"வெயில் படுதா?"

"கீழ்த்தளத்து வீடு. எங்க படும்?"

"விளக்காவது போட்டு வைங்க."

"கரண்டே ஒரு மணி நேரம்தான் வருது."

"அது சரி. தீனி?"

"ரொட்டி. எப்பவாவது பருப்பு."

அபூ ரமீஸ் தலையில் அடித்துக்கொண்டார். "ரொட்டியா! விளங்கினாப்லதான். முக்கால்வாசி கீரை, கால்வாசி பூச்சி, மேல இந்தப் பொடி. ஒழுங்கா தீனி போட வக்கில்லன்னா எதுக்கு உஸ்தாத் வளர்க்கணும்? வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதானே?"

ஃபாரிஸின் முகம் சுண்டியது. கசங்கிய நோட்டுகளை அடுக்கி வைத்தார். மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"வெட்டுக்கிளி உயிரோட இருக்கு. துள்ளுது பாருங்க! ஒரு டப்பா போடட்டா?"

"வேணாம். பொடி மட்டும் போதும். ஒரு வேளைக்கு எவ்வளவு குடுக்கணும்?"

"அது எடையைப் பொறுத்தது." மூடியில் குறித்துக் கொடுக்கப் பேனாவைத் திறந்தார் அபூ ரமீஸ். "எத்தனை கிராம்?"

"பதினோரு கிலோ," என்றார் ஃபாரிஸ், தரையைப் பார்த்தபடி. "மூணு வயசுக்கு அது கம்மிதான்னு தெரியும். ஆனா பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போவேன்கிறா என் பொண்ணு."