ஆமைப் படகு

"இந்தப் படகை யார் செஞ்சது? அவங்களை முதல்ல இதுல ஏத்தி அனுப்பணும்!"

கத்திரி எரிச்சலோடு கன்ட்ரோலரைச் சோபாவில் வீசினான்.

இன்னும் வெளிவராத வீடியோ கேம் அது. வாளும் மந்திரமும் டிராகனும் நிறைந்த பெரிய உலகம். எந்தத் திசையில் வேண்டுமானாலும் குதிரையை விடலாம். வெளியாவதற்கு முன்பே ஆடிப் பார்த்து, முதல் அபிப்பிராயம் சொல்லும்படி கம்பெனிக்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். மாதக் கடைசிவரை நேரம். கேம்களை விமர்சித்து இவன் போடும் வீடியோவில் ஒன்றை வெட்டிப் பேசினால் வெட்டியதுதான். கத்திரி என்பது ரசிகர்கள் வைத்த பெயர்.

மலைகள் அழகு. சண்டைகள் பிரமாதம். ஆனால் நாட்டின் நடுவே ஓர் ஆறு. எதற்கெடுத்தாலும் அதைக் கடக்க வேண்டும். கடக்க ஒரே வழி, ஒரு கிழட்டுப் படகுக்காரரின் படகு. அது நகரும், நகரும், நகர்ந்துகொண்டே இருக்கும். வாளை உருவ முடியாது. வேகப்படுத்த முடியாது. தாண்டிப் போக ஒரு பட்டன்கூடக் கிடையாது. அக்கரை வந்ததும் படகுக்காரர் ஒரு மணியை அடிப்பார். அதற்குள் ஆடுகிறவனுக்குத் தூக்கமே வந்துவிடும்.

பொறுக்க முடியாமல் கம்பெனிக்கே போன் போட்டான். படகை வடிவமைத்த பெண்ணிடமே கொடுத்தார்கள்.

"ஏங்க, இது படகா, ஆமையா?"

"இல்ல சார்... ஆடுறவங்க கொஞ்ச நேரம் எழுந்து, தண்ணி குடிச்சு, வீட்ல இருக்கறவங்க முகத்தைப் பார்க்கட்டுமேன்னுதான்..."

"எங்க வீட்டு முகத்தை நான் பார்க்கறதுக்கு உங்க கேம் எதுக்குங்க?"

அந்தப் பக்கம் குரல் இறங்கிவிட்டது. "இங்கேயும் எல்லாரும் கேலிதான் பண்றாங்க சார். மாசக் கடைசியில மீட்டிங். நீங்களும் வேண்டாம்னுட்டா படகைத் தூக்கிடுவாங்க."

"சொல்றேன். நல்லாவே சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

உள்ளறையிலிருந்து டங், டங் என்று சத்தம்.

அப்பாதான். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது கை மடங்கிக் கிடந்தது. பேச்சும் இழுத்தது. கூப்பிட வேண்டுமென்றால் இடது கையால் டம்ளரில் ஸ்பூனைத் தட்டுவார். வீட்டில் இவர்கள் இருவர்தான்.

"ஒரு நாளைக்குப் பல தடவை விரலை நீவிப் பிரிச்சு விடணும். விட்டுட்டீங்கன்னா கை இப்படியே நின்னுடும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று பிசியோதெரபி மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு இவன் பெரிதாகத் தலையாட்டினான்.

"இதோ வந்துட்டேன்பா! ஒரே ஒரு சண்டை!"

அந்த ஒரே ஒரு சண்டை இருட்டும்வரை நடந்தது.

மறுநாள் படகில் ஏறி உட்கார்ந்திருந்தபோது மறுபடி டங், டங். கையில் வேலை இல்லை. சரி, கரை சேர்வதற்குள் வந்துவிடலாம் என்று எழுந்து போனான். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பிரித்தான்.

"சண்டை... முடிஞ்சுதா?"

"படகுல போயிட்டிருக்கேன்பா. அது கரை சேர்றதுக்குள்ள உங்க விரல் நேராயிடும் பாருங்க."

அப்பா கோணல் வாயோடு சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிருந்தது. ஹாலில் மணி அடித்ததும் கத்திரி எடுத்தான் ஓட்டம்.

அதன்பிறகு ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் அப்பாவின் அறைதான். விரலைப் பிரிப்பதும், வாயைக் கிண்டுவதும், மணி அடித்தால் ஓடுவதுமாக மாதம் போனது.

கடைசி நாள். அபிப்பிராயத்தைப் பேசிப் பதிவு செய்து முடித்தான். 'எல்லாம் அருமை. அந்த ஆமைப் படகை மட்டும் தயவுசெய்து ஆற்றிலேயே மூழ்கடித்துவிடுங்கள்.' தன் சாமர்த்தியத்தைத் தானே ரசித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. பிசியோதெரபி மேடம்.

அவர் அப்பாவின் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். ஸ்பூனை அதில் கொடுத்தார். விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன. கை நடுங்கியபடியே எழுந்து டம்ளரைத் தொட்டது.

டங்.

"அடேயப்பா! இவ்வளவு நான் எதிர்பார்க்கவே இல்ல. நிறைய பிள்ளைங்க தலையை மட்டும்தான் ஆட்டுவாங்க. உங்க பையன் தங்கம் சார்!"

"இதுல என்ன மேடம், நம்ம கடமைதானே..." என்று கத்திரி அடக்கமாக நெளிந்தான்.

அப்பா தலையை அசைத்தார். "இவன்... இல்ல."

"பின்னே யாரு சார்?"

அப்பாவின் கண்ணில் பழைய குறும்பு. "பட...குக்காரர்."

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கத்திரிக்குச் சுருக்கென்றது. அவன் எப்போது ஆற்றைக் கடப்பான் என்று மனிதர் இத்தனை நாளும் படுத்தபடியே காத்துக் கிடந்திருக்கிறார்.

போன் அடித்தது. அந்தப் பெண்தான்.

"சார், மீட்டிங் ஆரம்பிச்சாச்சு. எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க. படகை... என்ன பண்ணட்டும்?" கேட்கும்போதே தோற்றுப்போன குரல்.

கத்திரி அப்பாவின் வலது கையைப் பிடித்தான். அது அவன் கையைத் திருப்பிப் பிடித்தது.

"ரொம்ப நன்றிங்க" என்றான். "இன்னும் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க."