இறப்பு ஏதும் இல்லை

"ரெண்டு சீட்டு குடுங்க. எனக்கு ஒண்ணு, என் வீட்டுக்காரருக்கு ஒண்ணு" என்றாள் தையல்காரம்மா.

வாக்காளர் சீட்டு வாங்க வந்தவர்களின் வரிசை வார்டு அலுவலகத்தின் வாசல்வரை நின்றது. மேசையில் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த கவுன்சிலரின் மச்சினன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவுன்சிலர், மேசைக்கு அடியில் அவன் தொடையை நறுக்கென்று கிள்ளினார்.

"அவரு வரலியாம்மா?" என்று கேட்டார், குரலில் தேன் ஒழுக.

"வெளியூர்ல வேலைங்கய்யா. நீங்கதானே சொன்னீங்க. ஓட்டுக்கு வந்துடுவாரு."

வரிசையில் யாரோ இருமினார்கள். "குடுறா" என்றார் கவுன்சிலர். அவள் சீட்டை வாங்கி, கணவன் பெயரை விரலால் தடவிப் படித்தாள். "அவரு பேரு போட்ட காகிதம் ஒண்ணாவது கெடைச்சுதே" என்று சொல்லி, பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு போனாள்.

கவுன்சிலருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எட்டு மாதமாக உயிரை எடுத்தவளுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தார். அதற்கப்புறம் ஒரு சீட்டு கூடுதலாகக் கேட்ட வீட்டாருக்கெல்லாம் தாராளமாகவே கொடுக்கச் சொன்னார்.

விஷயம் இதுதான். அவள் கணவன், வெல்டர், மண்ணுக்குள் போய் எட்டு மாதம் ஆகிறது. புதுக் குடிநீர்க் குழாயைச் சாக்கடைக்குள்ளேயே பதித்து, அதற்கும் மட்டமான குழாயாகப் பார்த்துப் போட்டு, மிச்சத்தில் தன் வீட்டுக்கு மாடி எழுப்பியவர் கவுன்சிலர். குழாய் விரிசல் விட்டது. பத்தே நாள் வாந்திபேதியில் வார்டில் பதினேழு பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

மேலிடத்திலிருந்து விசாரணை வந்தபோது மனிதர் அசரவில்லை. 'எனது வார்டில் இம்மாதம் இறப்பு ஏதும் இல்லை' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் இறப்புச் சான்றிதழ் கிடைக்காது. ஆகவே பதினேழு பேரும் காகிதத்தில் மட்டும் சௌக்கியமாக இருந்தார்கள்.

"இறந்துட்டாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா" என்று தையல்காரம்மா நடையாய் நடந்தாள். "வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்காருன்னு நெனைச்சுக்கம்மா. மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்று சிரிக்காமல் சொல்லி அனுப்பினார் இந்த மகானுபாவர். தன் ஆட்களையும் மிரட்டி வைத்திருந்தார். "நம்ம வார்டுல யாரும் சாகல. எவன் வாயிலயாவது அந்தப் பேச்சு வந்துச்சு, தொலைச்சுடுவேன்!"

ஓட்டு எண்ணி முடித்தபோது, எதிர்த்து நின்ற கணக்கு வாத்தியாரிடம் கவுன்சிலர் பதினொரு ஓட்டில் தோற்றிருந்தார்.

ஓட்டுப் போட்டவர்களைக் குறித்து வைத்த பட்டியலைப் பிடுங்கிப் புரட்டினார். வெல்டர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு டிக். அடுத்த பக்கத்தில் பிளம்பர், அவருக்கும் டிக். பலசரக்குக் கடைக்காரரின் தாயாருக்குக்கூட டிக். வாந்திபேதியில் போன பதினேழு பேருக்கும் டிக்.

"பூத்துல உக்காந்து என்னடா பண்ணின?" என்று மச்சினன் மேல் பாய்ந்தார்.

"வெல்டரோட தம்பி வந்து, அண்ணன் பேரைச் சொல்லிக்கிட்டு நின்னான் மாமா. அந்த ஆளுதான் இல்லையேன்னு சொல்ல வாயெடுத்தேன். தொடை ஞாபகம் வந்துடுச்சு."

கவுன்சிலர் கூடமே அதிரும்படி கத்தினார். "அத்தனையும் கள்ள ஓட்டு! இவன் செத்து எட்டு மாசமாச்சு! பதினேழு பேரும் செத்துட்டாங்க!"

ஓட்டு எண்ணியவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தேர்தல் அதிகாரி மட்டும் சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உங்க வார்டுல யாரும் சாகலைன்னு கையெழுத்துப் போட்டவரே நீங்கதானே? ரெக்கார்டுல பதினேழு பேரும் உயிரோடதான் இருக்காங்க. இல்லைன்னா எழுத்துல குடுங்க. யாரு, எப்போ, எதனால செத்தாங்கன்னு. அந்த ஓட்டையெல்லாம் தள்ளிடலாம்." ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினார்.

அந்தப் பதினேழு ஓட்டு யாருக்கு விழுந்திருக்கும் என்பதற்கு ஜோசியமா பார்க்க வேண்டும்? அதைத் தள்ளினால் ஆறு ஓட்டில் அவரே ஜெயித்துவிடுவார். ஆனால் எதனால் செத்தார்கள் என்று எழுதினால், ஜெயித்த கையோடு ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடியும் மாட்டினார்.

கணக்கு வாத்தியாரின் ஏஜெண்டாக மூலையில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா எழுந்து வந்தாள். மின்விசிறிக் காற்றில் பறக்கப் பார்த்த தாளை, தைக்கிற துணியைப் பிடிப்பது போல இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதுங்கய்யா. எட்டு மாசமா அந்த ஒரு வரியத்தானே கேக்குறேன்."