ஒன்றரை வயசுக்கு ஒரு கோட்டு

ஒன்றரை வயசுப் பிள்ளைக்குக் கோட்டு. அதுவும் பெயர் போன கடைக் கோட்டு. விலையைக் கேட்டதிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்கின் வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

"என் சம்பளத்துல பாதி! மூணே மாசத்துல பத்தாமப் போயிடும்."

"என் தங்கச்சி வீட்டு விருந்து. நாலு பேர் முன்னாடி நம்ம பிள்ளை எடுப்பா இருக்க வேணாமா?" என்றாள் மனைவி.

விருந்திலும் அவள் அலப்பறை தாங்கவில்லை. பிள்ளையை யாரும் தூக்கக் கூடாது, தரையில் விடக் கூடாது. கேக்குக்குக் கை நீட்டிய பிள்ளைக்குத் தண்ணீர்தான் கிடைத்தது. கணவன் மடியில்கூடத் துண்டு விரித்துத்தான் உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

'கோட்டு பிள்ளைக்கா, பிள்ளை கோட்டுக்கா?' அவன் பல்லைக் கடித்தான்.

திடீரென்று பிள்ளை கழுத்தைச் சொறிந்துகொண்டு வீறிட்டது. காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தான். உள்ளே மடித்துச் செருகியிருந்த விலை அட்டை குத்திக்கொண்டிருந்தது. இதைக்கூடக் கவனிக்காமல் என்ன அலங்காரம்! பாக்கெட்டை விட்டுப் பிரியாத கட்டிங் பிளேயரை எடுத்தான். ஒரே வெட்டு. பிள்ளை சிரித்தது.

திரும்பி வந்தவளிடம் அட்டையைப் பெருமையாக நீட்டினான். "பெத்தவளுக்குத் தெரியல, பாரு!"

அவள் முகம் வெளிறியது.

"ஐயோ, அட்டையோட கொண்டு போனாத்தான் திருப்பி எடுத்துப்பாங்க! நாளைக்குக் கொடுத்துட்டுப் பணத்தை வாங்கிடலாம்னு இருந்தேன். உங்க ஓட்டை வாய்க்குப் பயந்துதான் சொல்லல."



அவள் சாக்லேட் கேக்கில் பெரிய துண்டாக எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்தாள்.

"நல்லாத் தின்னு கண்ணு. கோட்டு இனிமே உன்னுதுதான். உங்கப்பாவே வாங்கிக் கொடுத்துட்டாரு."