புதன்கிழமைக் காது

"இன்னைக்கும் கழட்டிட்டாருங்க!"

சுகுணா போட்ட சத்தத்தில், வீடியோ காலில் இருந்த கண்ணன் மிரண்டு போனான். அவன் ஷார்ஜாவில். அவள் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில்.

"யாரு? எதைக் கழட்டுனாங்க?"

"ஒங்கப்பாதான். காது மெஷினை! புதன்கிழமை நாலு மணியாச்சுன்னா போதும். கழட்டி டப்பாவுல வச்சுட்டு டிவிய அலற விடுறாரு."

கண்ணனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. போன லீவில் அப்பாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போய், காதைப் பரிசோதித்து ஆசை ஆசையாய் வாங்கிக் கொடுத்த மெஷின். டீக்கடையில் அடுத்த பெஞ்சில் முணுமுணுப்பதுகூடக் கேட்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் மலையாண்டி.

"நான் வேணா அப்பாகிட்ட பேசவா?"

"மெஷின் இல்லாம நீங்க பேசி அவருக்கு என்னத்தக் கேக்கப் போவுது? வைங்க, எனக்கு நேரமாச்சு."

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஏழு மாசம் சுமந்த பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ஆறு மாசமாகத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. புதுக்கோட்டை டாக்டரம்மா சொல்லித்தான், திருச்சியில் இருக்கும் அமுதவல்லி மேடத்திடம் வாரா வாரம் போனிலேயே கவுன்சலிங் ஏற்பாடானது.

"தனி ரூம் வேணும் சுகுணா. கதவு சாத்தியிருக்கணும். போன் முகத்துக்கு நேரா ஆடாம நிக்கணும். யாராவது கேட்டுருவாங்களோங்கிற பயம் உங்களுக்கு இருக்கவே கூடாது" என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

சுகுணாவும் பார்த்துப் பார்த்துத்தான் செய்தாள். உள் அறை ஜன்னலோரம்தான் நெட் ஒழுங்காகக் கிடைக்கும். கட்டிலை அங்கே இழுத்துப் போட்டாள். அரிசி டின்மேல் சம்படத்தை வைத்து, அதில் போனைச் சாய்த்தாள். கதவிடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி அடைத்தாள். கரண்ட் போனால் இருக்கட்டுமென்று பவர் பேங்க்கும் வாங்கிவிட்டாள்.

ஓட்டு வீடு என்பதால் அறைச் சுவர் கூரை வரை போகாது. அதற்கு மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முதல் வாரம் கிசுகிசுவென்று பேசிச் சமாளித்தாள்.

இரண்டாவது வாரத்திலிருந்துதான் இந்த டிவி.

"எப்படி இருக்கீங்க சுகுணா?" ஹெட்செட்டில் அமுதவல்லியின் குரல் வந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள், வெளியே பருத்தி விதை விளம்பரம் காதைப் பிளந்தது.

"மேடம், இது சரிப்பட்டு வராது. இன்னையோட விட்டுருவோம்."

"ஏன்? எனக்கு உங்க குரல் தெளிவாத்தான் கேக்குது. போன வாரம்தான் முதல் தடவையா அழுதீங்க. இப்பப் போய் நிறுத்தலாமா?"

"எங்க மாமனாருக்கு என் கஷ்டம் ஒரு பொருட்டாவே தெரியல மேடம். வேணும்னே பண்றாரு. எனக்கு வெறுத்துப் போச்சு."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

சுகுணா சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

"நான் லைன்லயே இருக்கேன். கேட்டுட்டு வாங்க. அப்புறமா முடிவு பண்ணுவோம்."

ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு விருட்டென்று வெளியே வந்தாள் சுகுணா.

டிவியில் குழந்தைகள் பார்க்கும் பொம்மைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மலையாண்டி அதைப் பார்க்கவே இல்லை. டிவிக்கு முதுகைக் காட்டி, வாசல் நிலைப்படியருகே நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மெஷின் டப்பா மடியில் இருந்தது.

அவள் நிழல் விழுந்ததும் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்ன ஆத்தா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றார், காது கேட்காதவர்களுக்கே உரிய பெருங்குரலில்.

சுகுணா டிவியை அணைத்தாள். டப்பாவை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கி மெஷினை மாட்டிக்கொண்டார்.

"எம்மேல என்ன கோவம் மாமா ஒங்களுக்கு? மத்த நாளெல்லாம் மாட்டிக்கிறீங்க. புதன்கிழமை நாலு மணிக்கு மட்டும் ஏன் கழட்டுறீங்க?"

மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒம்மேல எனக்கு என்ன ஆத்தா கோவம்? மொத வாரம் நீ மெதுவாத்தான் பேசுனே. இந்தப் பாழாப்போன மெஷினுதான், செவுத்துக்கு அங்கிட்டு பேசுனத அப்படியே கொண்டாந்து காதுல போட்டுருச்சு."

சுகுணா அன்றைக்கு என்னென்னவோ பேசியிருந்தாள்.

"என்ன மாமா கேட்டுச்சு?"

"'மாமா வீட்டுலயே இருக்காரு, வாய்விட்டு அழக்கூட முடியல'ன்னு அந்த மேடத்துக்கிட்ட சொன்னே."



மலையாண்டி மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினார். டிவி ரிமோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"சத்தத்த நல்லாக் கூட்டி வச்சுட்டுப் போ, தெருவுக்கும் கேக்காது. நீ ஆசை தீர அழுதுட்டு வா ஆத்தா. அஞ்சு மணி வரைக்கும் ஒன் மாமன் செவிடன்தான்."