கோணல் கொண்டை

“அம்மாவுக்கு நீ ஏன்பா தலை சீவி விடுற?” என்று மகள் பூங்குழலி ஒருநாள் கேட்டாள்.

“தோள் சதையில ஓயாத வலிம்மா. காலையில அவளால கையத் தூக்க முடியாது” என்றார் காசிலிங்கம்.

அவளுக்குக் கை தூக்க முடியாமல் போன நாள் முதல் இன்றுவரை, மரக்காணம் உப்பளத்துக்குக் கிளம்புமுன் மனைவிக்கு எண்ணெய் தேய்த்துக் கொண்டை போடுவது அவர்தான்.

“கொண்டை கோணலா இருக்குதுன்னு தெருவே சிரிக்குதுங்க” என்றாள் தெய்வநாயகி.

“உப்பு வார்ற கைக்கு இவ்ளோதான் வரும். மொட்டை போட்டுடலாமா? வலி எப்படி இருக்குது?”

“அப்படியேதான். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தேய்ங்க.”

அவர் போனதும், தெய்வநாயகி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி சாமி படத்தைக் கும்பிட்டாள்.

“மாத்திரை புண்ணியத்துல ஒரு மாசமா கை தூக்க வருது, முருகா. ஆனா, உப்புல வெடிச்ச கைக்கு எண்ணெய் தடவுங்கன்னா அவரு கேக்க மாட்டேங்கிறாரு. என் தலைக்குன்னாதான் எண்ணெயத் தொடுறாரு. அந்த வெடிப்பு மூடுற வரைக்கும் என் பொய்யைப் பொறுத்துக்கோ.”