கணக்குப் பெட்டி

“ஏனுங்க டீச்சர், இதப் பாத்தா அதிகாரி மெமோ குடுக்காம போவாருங்களா?” தலைமையாசிரியர் நல்லானுக்கு வியர்த்தது.

கணக்கை விளையாட்டாகச் சொல்லித்தர அரசு அனுப்பிய பெட்டி, மூன்றாம் வகுப்பு மேசையில் திறந்து கிடந்தது. மணிச்சட்டத்தின் நூல் அறுந்திருந்தது. பின்னம் காட்டும் வட்ட அட்டைகளின் ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது.

தமிழ்மதி டீச்சர் வாய் திறக்குமுன் அதிகாரி உள்ளே வந்துவிட்டார். ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

“இருபது பள்ளிக்கூடம் பார்த்துட்டேன். எல்லா இடத்துலயும் பெட்டி கல்யாணச் சீர் மாதிரி புதுசா இருக்கு. இங்கதான் குழந்தைங்க கை பட்டிருக்கு! வாய்ப்பாடு ஒப்பிச்ச காலமெல்லாம் போச்சுங்க. இதுதான் கணக்கு!”

குழந்தைகள் பெட்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்தபடி கைதட்டினார்கள். பார்வையாளர் ஏட்டில் ‘முன்மாதிரிப் பள்ளி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார் அதிகாரி. புதுப் பெட்டி ஒன்றும் தருவதாகச் சொன்னார்.

ஜீப் கிளம்பியதும் நல்லானுக்கு மூச்சு வந்தது.

“தப்பிச்சோமுங்க டீச்சர். புதுப் பெட்டியிலயும் ஒடையாம இருக்கோணும்னு பனியன் துணி வேஸ்ட்டத் திணிச்சு பீரோ மேல ஏத்தீராதீங்க. மறுக்காவும் எலி குட்டி போட்டுரும்.”

“பின்ன எங்கீங்க சார் பத்திரமா வெக்கறது?”