மை வைக்கிற விரல்

அம்மிக் குழவி இறங்கியபோது குருவம்மாள் கத்தவில்லை. கத்தினால் அவனுக்குச் சந்தோஷமாகிவிடும்.

அவளுடைய இடது கை ஆள்காட்டி விரலை அம்மிமேல் வைத்து அழுத்திப் பிடித்திருந்தான் அழகுமலை. கட்டின புருஷன்தான். முதல் அடியில் நகம் பிய்ந்தது. இரண்டாவது அடியில் எலும்பு நொறுங்குவது அவனுக்கே கேட்டது. மூன்றாவது, ஆசைக்கு அடித்தது.

"இப்பப் போ. மைய எங்கிட்டு வைப்பான்னு பாக்குறேன்."

விரல் இருந்தால்தானே மை, மை வைத்தால்தானே ஓட்டு. அவன் புத்தி அவ்வளவு தூரம்தான் ஓடும்.

வெள்ளைக்காரன் காலத்தில் வரி கட்டியவனுக்கும் நாலெழுத்துப் படித்தவனுக்கும்தான் ஓட்டு. போடிமெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டத்தில் கூலிக்கு நின்ற அழகுமலையின் அப்பனும் பாட்டனும் அதைக் கண்ணால் கண்டதில்லை. புதுச் சட்டம் வந்து, வயசு வந்த எல்லோருக்கும் ஓட்டு என்றதும் ஒரு மாதம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான். பெண்டாட்டிக்கும் ஒன்று உண்டு, அதுவும் தன்னுடையதற்கு ஒரு குன்றிமணி குறையாத ஒன்று என்று தெரிந்த அன்று மீசை இறங்கிவிட்டது.

பேர் எழுத வந்தவர்களிடம், "அழகுமலை பெஞ்சாதின்னு எழுதிக்கங்க" என்றான். அப்படி எழுதினால் செல்லாது, சொந்தப் பேர் வேண்டும் என்று திரும்ப வந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து அவளே தன் பேரைச் சொன்னாள். அன்று வாங்கிய உதையில் அவளால் நாலு நாள் தோட்டத்து வேலைக்கு மலை ஏற முடியவில்லை.

இன்று காலையில் ஒரு பெட்டியின் அடையாளத்தைச் சொன்னான். ஆளுக்கு ஒரு பெட்டி வைத்திருப்பார்களாம், பெட்டிக்கு ஒரு படம் ஒட்டியிருக்குமாம். வீட்டில் இருக்கிற ரெண்டு ஓட்டும் அந்த ஒரு பெட்டிக்குத்தான் என்று தோட்டத்துக் கங்காணியிடம் வாக்குக் கொடுத்துவிட்டானாம்.

"பாப்போம்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் குழவி.

அடித்து முடித்ததும் குழவியை அவள் காலடியில் போட்டான். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்தான்.

வெயில் ஏறுகிற நேரத்தில் குருவம்மாள் ராசிங்காபுரத்தில் ஓட்டுப் போடுகிற வரிசையில் நின்றாள். விரலில் சுற்றிய துணி நனைந்து கனத்தது. வலி தோள்பட்டை வரை ஏறியிருந்தது.

"என்ன மதினி, இந்த மார்கழிக் குளிர்ல தலைமுழுகிட்டு வந்திருக்க? முளைப்பாரியா எடுக்கப் போறோம்?" என்றாள் கூடவே வந்த பக்கத்து வீட்டு அன்னக்கொடி. "அண்ணன எங்க காணோம்?"

"படுத்திருக்காக."

மலையிலிருந்து இறங்குகிற சாராயச் சரக்கைப் பற்றி ஊருக்கே தெரியும். அன்னக்கொடி மேற்கொண்டு கேட்கவில்லை. விரலைப் பற்றியும் கேட்கவில்லை. அந்த வீட்டுச் சத்தம் அவளுக்குப் பழகிப்போன ஒன்று.

இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. மேசையில் புருஷன் பேரைக் கேட்பார்கள். பெண்டாட்டி தன் வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும். ஆகவே அவள் புருஷன் பேரை இவள் சொல்வது, இவள் புருஷன் பேரை அவள் சொல்வது. வரிசை முழுக்கப் பெண்கள் இப்படித்தான் ஜோடி சேர்ந்து நின்றார்கள்.

முன்னால் போன கிழவி மட்டும் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் தன் புருஷன் பேரைக் கணீரென்று சொன்னாள். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். இனிக் குறைவதற்கு என்ன இருக்கிறது?

அன்னக்கொடியின் முறை வந்தது. "பிச்சைமணி" என்று அவளுக்காகக் குருவம்மாள் சொன்னாள். அன்னக்கொடி மை வைத்துக்கொண்டு, சீட்டை வாங்கி, பதிலுக்குப் பேர் சொல்வதற்காக ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

குருவம்மாள் மேசைக்கு முன்னால் வந்தாள். தன் பேரைச் சொன்னாள்.

"வீட்டுக்காரர் பேரு?" என்றார் அதிகாரி.

அன்னக்கொடி வாயைத் திறந்தாள். குருவம்மாள் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"அழகுமலை."

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. நாக்கு தடுமாறவில்லை. சொல்வதற்கு நன்றாகவே இருந்தது.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்னக்கொடி அவள் நெற்றியைப் பார்த்தாள். பொட்டு இல்லை. குளித்ததில் அழிந்திருக்கும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். ஈரத் தலையைப் பார்த்தாள். ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அதிகாரிக்கு இதெல்லாம் தெரியாது. துணி சுற்றிய விரலைப் பார்த்தார். "ச்சு" என்றார். பக்கத்து விரலில் மையை வைத்தார்.

அவ்வளவுதான் விஷயம். அடுத்த விரலில் வைத்துவிட்டார்கள்.

குருவம்மாள் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனாள்.

சாயங்காலம் போலீஸ்காரர்களிடம் எதையும் ஒளிக்கவில்லை. அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது, கஞ்சிக் கும்பா உருண்டது, பின்மண்டையில் குழவியைப் போட்டது எல்லாம் சொன்னாள். எத்தனை அடி என்றார்கள். மூன்று என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இம்புட்டுக்கும் காரணமான அந்த ஓட்ட எந்தப் பெட்டியிலதாம்மா போட்ட?"

"அதச் சொல்லக் கூடாதுங்கய்யா" என்றாள் குருவம்மாள்.